இடப்பக்கத்துச் சோறு

அத்தியாயம் பன்னிரண்டு

வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் கள்ளனைத் தேடலாம். தொலைந்த பொருள் அரை மணித்தியாலம் கழித்து, வைத்த இடத்திலேயே, வைத்தபடியே கிடந்தால் யாரைத் தேடுவது? அக்கராயனில் ஓவசியர் பாலன் வீட்டில் மூன்று கிழமையாக இந்தக் கூத்துத்தான் நடந்துகொண்டிருந்தது.

முதலில் செருப்பு. பாலனுடைய இடக்கால் செருப்பு மட்டும் காலையில் காணாமல் போகும். அவர் வீடு அதிரச் சத்தம் போடுவார். மருமகள் சுகந்தினி ஓடிவந்து பார்த்தால் செருப்பு சோடியாக வாசலில் கிடக்கும். பிறகு சாமிப் படங்கள். வலப்பக்கத்துப் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் செவ்வரத்தம்பூ வைத்திருக்கும், இடப்பக்கத்து அம்மன் வெறுமனே இருப்பா. அதற்குப் பிறகு வேலி. வாசல் படலைக்கு வலப்புறம் பூவரசு நறுக்கென்று வெட்டியிருக்க, இடப்புறம் காடாய் வளர்ந்து நின்றது.

அடுத்த வளவு சுதாஜினி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட வீட்டிலை ஆரோ பாதிப் பங்கு கேட்டு நிக்கினம் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவளுக்கென்ன, பாயில் விழுந்ததும் நித்திரை வந்துவிடும். கேட்டவளுக்குத்தான் நித்திரை போயிற்று. பாலனின் மனைவி கமலாசனி செத்து வருசம் முடிய இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. ஆட்டைத் திவசம் நெருங்கும்போது போன உயிர் வீட்டைச் சுற்றி வரும் என்பார்கள்.

வியாழக்கிழமை நடந்ததைத்தான் போன கிழமை பார்த்தோம். பட்டப்பகலில் சாமியறையின் இடப்பக்கத்துக் குத்துவிளக்கு சரிந்து, திரைச்சீலை பற்றி எரிந்தது. சுகந்தினி ஓடிப்போனபோது அவளுடைய அப்பா மூக்கன் வெறுங்கையால் நெருப்பை அடித்து அணைத்துக்கொண்டிருந்தார். பாலன் வெளி விறாந்தையில் கதிரையில் இருந்தார். வேறு யாரும் வீட்டில் இல்லை.

பிறகென்ன, பழி மூக்கனின் தலையில் விழுந்தது.

மூக்கன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டினார், வாய்க்கால் வெட்டினார். அந்த வாய்க்கால்களை மேற்பார்த்தவர்தான் நீர்ப்பாசன ஓவசியர் பாலன். அவருடைய தகப்பன் குடாநாட்டிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். வெட்டினவரின் மகளும் மேற்பார்த்தவரின் மகனும் ஒருவரையொருவர் விரும்பிக் கட்டிக்கொண்டது பழைய கதை. மூன்று வருசத்துக்கு முன் மூக்கனின் மனைவி போய்ச் சேர, சுகந்தினி அப்பாவைத் தன்னோடு கூட்டிவந்துவிட்டாள். அன்றுமுதல் சம்பந்திகள் இருவரும் ஒரே கூரையின் கீழ்.

மூக்கனுக்கு மறதி வருத்தம் என்று முடிவு கட்ட ஒரு கடதாசியும் கிடைத்திருந்தது. போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு குழு பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தது. மலையகத்திலிருந்து வந்தவர்கள், குடாநாட்டிலிருந்து வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள் என்று வயசானவர்களைப் பிரித்து, பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, ஞாபகத்துக்கும் கேள்வி கேட்டது. பாலனுக்கு முப்பதுக்கு இருபத்தேழு புள்ளி. மூக்கனுக்குப் பதின்மூன்று.

சுகந்தினியின் கணவன் குகதாசன் அந்தப் பதின்மூன்றைப் பிடித்துக்கொண்டான். "உவரை இனி இஞ்சை வைச்சிருக்கேலாது. நெடுங்கேணியிலை உன்ர அண்ணன் சுதாகரன் இருக்கிறான்தானே. சனிக்கிழமை அனுப்பிவிடு." இன்றைக்குச் சனிக்கிழமை.

*

பங்குனி வெயில். பதினொரு மணிக்கே முற்றம் கண்ணைக் கூசவைத்தது. அறுவடை முடிந்த வயல்களில் ஒரு குருவி கூட இல்லை. மகள் தனுஷா ரியூசனுக்குப் போயிருந்தாள். குகதாசன் பட்டா லொறியோடு பளைக்குத் தேங்காய் ஏற்றப் போயிருந்தான். மாமனாரை வழியனுப்ப முகமில்லாமல் விடிய நாலு மணிக்கே கிளம்பிவிட்டான் என்பது சுகந்தினிக்குத் தெரியும்.

அவள் அப்பாவின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அலுமாரித் தட்டில் சாரங்களுக்கு அடியில் அந்தக் கடதாசி மடித்துக் கிடந்தது. இத்தனை நாளும் அவள் கடைசி வரியில் இருந்த பதின்மூன்றை மட்டுமே பார்த்திருந்தாள். இன்றுதான் மேலே இருந்து வாசித்தாள்.

"மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு திரும்பக் கேட்கவும்: கதிரை, கோப்பை, குளிசை."

அதற்கு எதிரே அப்பா சொன்ன விடைகளை, குழுவில் கேள்வி கேட்ட பிள்ளை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நாற்காலி, தட்டு, மாத்திரை. மூன்றுக்கும் சிவப்பில் பிழை. மூன்றுக்கும் பூச்சியம்.

சுகந்தினிக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"அப்பா, அந்தப் பிள்ளை கோப்பை எண்டு சொல்லேக்கை நீங்கள் ஏன் தட்டு எண்டனீங்கள்?"

கட்டிலில் இருந்த மூக்கன் நிமிர்ந்தார். வலது உள்ளங்கையில் நெருப்புக் கொப்புளம் இன்னும் வற்றவில்லை. "அது தட்டுதானேம்மா. நம்ம தோட்டத்துல கோப்பைன்னா தேத்தண்ணி குடிக்கிறது. இங்க சோறு திங்கிறத கோப்பைங்கிறாங்க. அந்தப் புள்ள இந்தப் பக்கத்துப் பேச்சுல சொல்லிச்சு. நான் வெளங்கிக்கிட்டேன்."

கிளி மாதிரி திருப்பிச் சொல்லியிருந்தால் மூன்று புள்ளி கிடைத்திருக்கும். மனுசன் விளங்கிக்கொண்டு தன் வாயால் சொன்னதால் பூச்சியம். கீழே பார்த்தாள். மணிக்கூடு வரையச் சொல்லியிருந்தார்கள், பூச்சியம். வாசித்து அதன்படி செய்யச் சொல்லியிருந்தார்கள், பூச்சியம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் எதைக்கொண்டு வரைவார், எதை வாசிப்பார்? அப்பாவுக்கு மறதியே இல்லை என்று அவளுக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. தெரிந்ததும் பயம் வந்தது. மறதி இல்லையென்றால், மூன்று கிழமையாக இந்த வீட்டில் நடப்பதற்கு என்ன பெயர்?

"அப்பா, விளக்கை ஆர் விழுத்தினது?"

"நான் விழுத்தலம்மா."

"அப்ப?"

மூக்கன் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது பெரியவங்க விசயம். நம்ம வாயத் தொறக்கப்படாது. அவங்க வர்றாங்க, போறாங்க. நமக்கு ஒரு கெடுதலும் செய்யல."

"ஆர் வருகினம்?"

அவர் பக்கத்தில் கிடந்த சாரத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினார். சுகந்தினி குசினிக்குள் போனாள். கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டே குகதாசனுக்குப் போன் எடுத்தாள். விசயத்தைச் சொன்னாள், கெஞ்சினாள்.

"சொல் விளையாட்டை விடு. நாளைக்குத் தனுஷா தனிய இருக்கேக்கை வீடு பத்தினால்?" என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டு மிச்ச உடுப்புகளை அடுக்கினாள்.

*

பன்னிரண்டரைக்கு இருவருக்கும் சாப்பாடு போட்டாள். விரால் மீன் பொரியல், பூசணிக்காய்க் கறி, பருப்பு. விரால் என்றால் பாலன் தலை கால் தெரியாமல் சாப்பிடுவார்.

பாலன் பேப்பரை மேசையில் எறிந்துவிட்டு வந்து இருந்தார். "இந்தப் பேப்பர்காரனுக்கும் மூளை கழண்டு போச்சுது பிள்ளை. ஒரு வசனத்துக்கும் தலை இல்லை. எல்லாம் நடுவிலையிருந்துதான் தொடங்குது."

"என்ன மாமா?"

"நீ வாசிச்சுப் பார். தமிழ் தெரியாதவங்களை வேலைக்கு வைச்சால் இப்பிடித்தான்."

எழுபத்துமூன்று வயசிலும் அவர் குரல் வாய்க்கால் கரையில் கூலிகளை ஏவின அதே குரல். மூக்கனைப் பார்த்துச் சொன்னார், "மூக்கர், ஒண்டரை பஸ்சுக்குச் சந்தியிலை நிக்கோணும். நான் மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன். குளக்கட்டாலை போனால் பத்து நிமிசம்."

"வேணாங்க ஓவசியரய்யா. நான் நடந்தே போயிருறேன்."

"இந்த வெயிலுக்கையோ? விசர்க்கதை கதையாதையும்."

மூக்கன் பாலனின் இடப்பக்கம் இருந்த வெறுங்கதிரையைப் பார்த்தார். கமலாசனி உயிரோடிருக்கும்போது இருந்து சாப்பிட்ட கதிரை அது. "அவங்களும் வருவாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆர்?" என்றார் பாலன். கேள்வி அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பினார். எழும்பும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. "ஆர் இதிலை கதவைச் சாத்தினது?" என்று ஏசிக்கொண்டு போனார். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது.

படலையில் மூக்கன் மகளின் தலையில் கை வைத்தார். "அழாதம்மா. அண்ணன் வீடுதானே." பின்சீட்டில் ஏறும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். மோட்டார்சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. பெத்த தகப்பனை வாசலில் நின்று அனுப்பிவிட்டோமே என்று சுகந்தினிக்கு நெஞ்சு எரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

நாள்தோறும் சாப்பிட்ட கோப்பைகளை மூக்கன்தான் உடனே எடுத்துக் கழுவி வைப்பார். சம்பந்தி வீட்டில் சும்மா இருந்து சாப்பிடக் கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம். இன்றைக்குப் பயண அவசரத்தில் அவை மேசையிலேயே கிடந்தன.

பாலனின் கோப்பையில் சரிபாதிச் சோறு இருந்தது. வலப்பாதி ஒரு பருக்கையில்லாமல் வழித்துச் சாப்பிட்டிருந்தது. இடப்பாதியை விரல் தொடவேயில்லை. நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. விரால் பொரியல் இரண்டு துண்டும், அவள் போட்டபடியே இடப்பக்கம் கிடந்தன.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. கமலாசனியின் கதிரை கொஞ்சம் பின்னால் தள்ளி, யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதுபோல நின்றது. பாதிப் பங்கு கேட்டு நிற்கினம். சுதாஜினி சொன்னது காதுக்குள் கேட்டது. "மாமி," என்று சுகந்தினி தன்னை அறியாமல் கூப்பிட்டுவிட்டாள்.

கூப்பிட்ட பிறகு வெட்கமாக இருந்தது. பாலர் பாடசாலையில் முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவள், வெறுங்கதிரைக்குப் பயப்படுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு பாலனின் கதிரையில் போய் இருந்தாள். அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தாள்.

இடப்பக்கம் கோப்பையின் மீன். இடப்பக்கம் கதவு நிலை. வாசலில் இடக்கால் செருப்பு. சாமியறையில் அவர் பூ வைக்காமல் விட்ட இடப்பக்கத்து அம்மன், இடப்பக்கத்துக் குத்துவிளக்கு. அவர் வெட்டாமல் விட்ட வேலியின் இடப்பக்கம். பேப்பரை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் இடப்பக்கத்தில்தானே தொடங்குகிறது!

எதுவும் காணாமல் போகவில்லை. மாமாவுக்கு இடப்பக்கமே காணாமல் போயிருந்தது.

பொதுநோக்கு மண்டபத்தில் அந்தக் குழுவின் டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கை கால் இழுத்தால்தான் பாரிசவாதம் என்றில்லை. பிரஷர் கூடினவர்களுக்கு மூளைக்குள் சின்ன இரத்தக் குழாயொன்று சத்தமில்லாமல் அடைத்துவிடும், நோவும் இருக்காது, மனுசனுக்கே தெரியாது. அன்றைக்கு எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சுகந்தினியும்தான்.

இடப்பக்கம் தெரியாத மாமாதான் இப்போது அப்பாவை ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் போகிறார். கட்டின் இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர்.

பாலனுக்குப் போன் எடுத்தாள். மணி மேசையிலேயே அடித்தது. பேப்பருக்கு இடப்பக்கம் அது கிடந்தது. சைக்கிளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

*

குளக்கட்டில் ஆளரவம் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மிதித்த மிதியில் சுகந்தினிக்கு மூச்சு இரைத்தது. ஒவ்வொரு வளைவிலும் குளத்துக்குள் மோட்டார்சைக்கிள் சில்லு தெரியுமோ என்று பார்த்துக்கொண்டே போனாள். பாதி வழியில் ஒரு குரல் கேட்டது. யாரோ யாருடனோ சாவகாசமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருதமரத்தடியில் மோட்டார்சைக்கிள் மண்ணுக்குள் சரிந்து கிடந்தது. முன்சில்லுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம் இருந்தால் அதிகம். பாலன் மரத்தில் சாய்ந்து இருந்தார். அவர் முன்னால் மூக்கன் குந்தியிருந்தார். கதைத்தது பாலன்தான்.

"மாமா! என்ன நடந்தது?" சுகந்தினி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அவருடைய இடப்பக்கம் முழங்காலில் விழுந்தாள்.

பாலன் திரும்பவில்லை. நெற்றியைச் சுருக்கினார். "மூக்கர், சுகந்தினியின்ர குரல் கேட்குது. பிள்ளை எங்கை நிண்டு அழுகுது?"

"இந்தா பக்கத்துலதாங்க இருக்கு."

"ஒருத்தரையும் காணேல்லை."

அவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். அவர் அவளைத் தாண்டி வெறும் வெளியைக் கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் உலகமே இல்லாதவர்போல வலப்பக்கம் குளத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு நிற்கும் தானே பேயாகிவிட்டதுபோல அவளுக்கு உடல் சில்லிட்டது. மெல்ல எழும்பி, அவரைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள்.

"ஓ, நீ எப்ப வந்தனீ?" என்றார் பாலன். வாயின் இடது கோணம் தொங்கியது. சொற்கள் குழைந்து வந்தன. அம்புலன்சுக்கும் பிறகு குகதாசனுக்கும் அவள் போன் எடுத்தாள். குகதாசன் தேங்காயோடு கிளிநொச்சி தாண்டிவிட்டேன், வருகிறேன் என்றான்.

"விழுந்திட்டியளோ அப்பா? அடிபட்டதோ?"

"இல்லம்மா. எருமை நின்னுச்சு, எடப்பக்கம். நான் கத்துனேன். அய்யாவுக்குத் தெரியல. வண்டி தண்ணிப் பக்கமா இழுத்துச்சு. நான் ரெண்டு காலையும் ஊணி மண்ணுல சாய்ச்சுப்புட்டேன். எந்திரிச்சு ஒக்காந்த பிறகுதான் வாய் கோணிச்சு. கோயில் ஒரு மணிப் பூசை மணி அடிச்சு முடிஞ்ச நேரம்."

"உங்களுக்கு முதலே தெரியும்."

மூக்கன் மண்ணைப் பார்த்தார்.

"அப்பா!"

"நான் வேற மாதிரி நெனச்சேன்மா. தேர் முடிஞ்ச சனிக்கிழமையில இருந்து அய்யா பாதித் தட்டுதான் சாப்பிடுறாரு. எடப்பக்கத்துச் சோத்தத் தொட மாட்டாரு. எடப்பக்கம் பொண்டாட்டிக்குரிய பக்கம்தானே. மணவறையிலயும் அங்கதான் ஒக்கார வைக்கிறோம். அந்தம்மா வந்து கூட ஒக்காந்து சாப்பிடுறாங்கன்னு நெனச்சேன். செத்தும் பிரியாம இருக்காங்களேன்னு... வெளிய சொன்னா கேலி பண்ணுவீங்க, பேயோட்டக் கூட்டிட்டு வருவீங்க. அதான் நீ பாக்க முந்தி தட்டக் கழுவி வச்சேன். மிச்சத்தக் காக்காய்க்குப் போட்டேன்."

"விளக்கு?"

"அய்யாவோட தோள் பட்டுச்சு. அவருக்கே தெரியாது."

"பழியை நீங்கள் ஏன் ஏத்துக்கொண்டனீங்கள்?"

"அவரு எனக்கு வேல குடுத்தவரும்மா."

சுகந்தினிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தது. மூன்று கிழமையாக ஊரே மறதிக்காரன் என்ற மனுசன் ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் பிழையாய் விளங்கி, எல்லாவற்றையும் ஒளித்திருக்கிறார்.

*

அம்புலன்சில் கஜனி என்ற ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. கதைத்துக்கொண்டே பிரஷர்ப் பட்டியைச் சுற்றினாள். இருநூற்றுப் பத்து காட்டியது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். மூக்கன் கிழமை, நேரம், எந்தச் சாப்பாடு என்று பிசகாமல் சொல்லச் சொல்ல எழுதினாள்.

படுக்கையில் ஏற்றிய பிறகு பாலனின் இடக்கையைத் தூக்கி, அவருடைய வலப்பக்கக் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"ஐயா, இது ஆரின்ர கை?"

பாலன் அந்தக் கையை உற்றுப் பார்த்தார். முகம் இளகியது.

"கமலாவின்ர."

கஜனி கையை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"வடிவாப் பாருங்கோ ஐயா. உங்கட கைதானே?"

"என்ரை இல்லை. அவளின்ர. விடிய எழும்பேக்கையே பக்கத்திலை கிடந்தது. குளிர்ந்து போய்க் கிடக்குது. நான்தான் விடேல்லை."

மூக்கன் கண்ணைத் துடைத்தார். கஜனி கையை மெல்லக் கீழே வைத்தாள். "மூளை வலப்பக்கம் அடிபட்டால் சில பேருக்கு இப்பிடி வாறது அக்கா. தன்ரை கையே வேறை ஆக்களின்ரை கை மாதிரித் தெரியும். பயப்பிடாதேங்கோ," என்றாள். அவள் குரலிலும் கொஞ்சம் பயம் இருந்தது.

"பிரஷருக்குக் குளிசை போடுறவரோ?"

"ஓம், நாளுக்கு ஒண்டு. காலமைச் சாப்பாட்டோடை நானே எடுத்து வைக்கிறனான். மாமி வைச்ச மாதிரியே, போத்தல் மூடியொண்டுக்கை போட்டு, கோப்பைக்கு இடப்..."

சுகந்தினியின் வாய் அந்த இடத்தில் நின்றது.

"விழுங்கினதைக் கண்டனீங்களோ?"

காணவில்லை. காலை ஏழரைக்கு அவள் பாலர் பாடசாலைக்கு ஓடிவிடுவாள், சனி ஞாயிறில் சந்தைக்கு. வரும்போது மூடி வெறுமையாக, கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். விழுங்கிவிட்டார் என்றுதான் மூன்று கிழமையாக நினைத்திருந்தாள்.

அவள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். மூக்கனின் முகம் வெளிறியிருந்தது. கை மெல்லச் சாரத்து மடிக்குப் போயிற்று. சின்னத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே வெள்ளைக் குளிசைகள்.

"அந்தம்மாவும் பிரஷர் மாத்திரை போடுவாங்கல்ல... எடப்பக்கம் இருந்திச்சு. அவங்களோட பங்குன்னு நெனச்சேன். குப்பையில போட மனசு வரல. திவசத்தன்னிக்கிப் படையல்ல வச்சுடலாம்னு சேத்து வச்சேன்." முடிச்சை மகளிடம் நீட்டினார். "இது அவரோடதாம்மா? இதக் குடிக்காததாலதான் இப்பிடி ஆச்சா?"

கஜனி சுகந்தினியைப் பார்த்தாள். சுகந்தினி முடிச்சை வாங்கி எண்ணினாள். "இருபத்திரண்டு நாளாக் குளிசை குடிக்கேல்லை எண்டு எழுதுங்கோ, தங்கச்சி," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

"நல்லதாப் போச்சு சொன்னது. பெரியாஸ்பத்திரியிலை கட்டாயம் கேப்பினம். ஒராள் கூட வாங்கோ."

அப்போது குளக்கட்டில் புழுதி எழும்பியது. பட்டா லொறி தேங்காய் உருள உருள வந்து பிரேக் போட்டது. குகதாசன் கதவைச் சாத்தாமல் குதித்தான். உள்ளே கிடந்த தகப்பனைப் பார்த்தான். "அப்பா," என்றான். அவன் நின்றது இடப்பக்கம். பாலன் திரும்பவில்லை.

ஒரு கணம் அவன் முகம் பிள்ளையின் முகமாகிவிட்டது. அடுத்த கணம் மூக்கனைக் கண்டதும் மாறியது. "உவர் ஏன் இன்னும் போகேல்லை? அப்பாவுக்கு என்ன செய்தவர்?"

"அவர் இல்லாட்டி மாமா இப்ப குளத்துக்குள்ள," என்றாள் சுகந்தினி.

"அப்ப ஏன் இந்த முழி முழிக்கிறார்?" அவன் கண் கீழே இறங்கியது. "உன்ர கைக்குள்ளை என்ன?"

குளம் இரண்டு எட்டில் இருந்தது. கையை வீசினால் குளிசைகளின் கதை முடிந்தது. கஜனி ஒன்றும் சொல்லமாட்டாள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அப்பாவுக்கு அந்த வீட்டில் ஒரு பாயும் ஒரு கோப்பைச் சோறும் மிஞ்சும். மூக்கன் மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். வேண்டாம் என்றா, சொல்லு என்றா, அவளுக்கு விளங்கவில்லை.

மூன்று கிழமையாக ஒருவர் ஒளித்ததன் பலன் கண்ணுக்கு முன்னால் படுத்திருந்தது. சுகந்தினி கணவனுக்கு முன்னால் கையை விரித்தாள்.

"மாமா குடிக்காத குளிசை. இருபத்திரண்டு. அப்பாட்டை இருந்தது."